ஒரு தொண்டைக்காகப் பிறந்த பாட்டு

'பி மை லவ்' பிறந்தது எம்.ஜி.எம். ஸ்டுடியோவில். 1950-ல் வெளிவந்த 'தி டோஸ்ட் ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' என்ற இசை நகைச்சுவைப் படத்துக்காக நிக்கலஸ் பிராட்ஸ்கி மெட்டுப் போட, சாமி கான் பாட்டெழுதினார். நாயகன் மரியோ லான்சா. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல மெட்டு அவர் தொண்டைக்குப் பொருந்தியது. இதமாகத் தொடங்கி, மேலே மேலே ஏறி, டெனர் பாடகர்கள் பலரும் அஞ்சும் 'ஹை சி' என்ற உச்ச சுரத்தில் முடியும்.

பிலடெல்பியாவின் இத்தாலியக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஆல்ஃபிரெட் கோகோஸாதான் இந்த லான்சா. தாய் மரியா லான்சாவின் பெயரையே ஆண்பெயராக்கிச் சூடிக்கொண்டார். 1947-ல் ஹாலிவுட் பௌல் அரங்கில் அவர் பாடியதைக் கேட்ட எம்.ஜி.எம். தலைவர் லூயி பி. மேயர், ஒப்பந்தம் போட்டுத் தம் ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டார். மறு ஆண்டு நியூ ஆர்லியன்ஸில் புச்சீனியின் 'மடாமா பட்டர்ஃபிளை' ஓபராவில் பிங்கர்ட்டனாக இரண்டே முறை மேடையேறினார். அதன்பிறகு முழு ஓபரா எதிலும் அவர் மேடையேறவே இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அதே ஊரில் நடக்கும் கதையில், அதே ஓபராவைத் திரையில் நடித்துக் காட்டினார். நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

படத்தில் அவர் லூசியானா மீனவர். ஊர்த் திருவிழாவில் நகரத்துப் பாடகியாக வரும் கேத்ரின் கிரேசன் 'பி மை லவ்' பாட, கூட்டத்திலிருந்து இவர் அழைக்காமலே குரல் சேர்க்கிறார். அந்த அம்மாளின் கச்சேரி இவருடையதாகிவிடுகிறது! நகைச்சுவை முழுக்க இந்த முரட்டு உற்சாகத்தில்தான் இருக்கிறது. மீனவருக்கு நாகரிகம் கற்றுத்தரும் மற்றக் காட்சிகள் வழக்கமானவையே.

சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருதை 'மோனா லிசா' கொண்டுபோனது. ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. ஒருகாலத்தில் ஓபரா டெனர் கரூசோவின் இசைத்தட்டுகளைத் தாங்கிய ஆர்.சி.ஏ. விக்டரின் ரெட் சீல் முத்திரையோடு வெளிவந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஓபரா அரங்கின் படியே மிதிக்காத வீடுகளுக்குள்ளும் அந்தக் குரல் நுழைந்தது. லான்சாவின் வானொலி நிகழ்ச்சிக்கும் அதுவே முகப்பு இசை.

1959-ல், 38 வயதில், லான்சா ரோமில் இறந்தார். பாட்டு வேறு தொண்டைகளைத் தேடிப் போனது. ஓபரா டெனர் பிளாசிடோ டொமிங்கோ 1990-ல் தம் காதல் பாடல் தொகுப்புக்கு இதன் பெயரையே வைத்தார்.

இந்தப் பாட்டின் எனக்கு மிக நெருக்கமான பிறவி, ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1999-ல் வெளியிட்ட 'தி மெலடி அட் நைட், வித் யூ' தொகுப்பில் இருக்கிறது. தீராத சோர்வு நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்தபோது தம் வீட்டில் தனியே பியானோவில் வாசித்தது. உச்சஸ்தாயி முழக்கம் இல்லை, சொற்களும் இல்லை. தொண்டை வலிமையைக் காட்டுவதற்கென்றே செய்த பாட்டு என்று இதை ஒதுக்குகிறவர்கள் இந்த வாசிப்பை அவசியம் கேட்க வேண்டும். பிராட்ஸ்கியின் மெட்டு தன் காலில் தானே நிற்கிறது.