செப்படி வித்தை: பொழுதுபோக்காளர் கற்ற வழிகள்

செப்படி வித்தை என்பது குமிழ் வைத்த சிறு கிண்ணங்களையும் துணி உருண்டைகளையும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து செய்யும் கைவேலை. நாளடைவில் கண்கட்டு வித்தைகள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக இதைப் பழகியவர்கள் யாரிடம் கற்றார்கள், எந்த நூல்களை நாடினார்கள், எந்த இசையைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விடயம். மேலைநாட்டார் எழுதிய வரலாறுகளில் இதற்கு ஒரே பாதைதான் உண்டு: அச்சு நூல் வந்தது, நூலைப் படித்தவர்கள் சங்கம் அமைத்தார்கள், சங்கம் இரகசியம் காக்கச் சத்தியம் வாங்கியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தமிழரிடையே நடந்ததை இந்தப் பாதையில் பொருத்திப் பார்த்தால் பாதிக்கு மேல் வெளியே நிற்கும். இங்கே வித்தையைத் தொழில்சாராதவர் கைக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு, மேடையில் செய்துகாட்டிவிட்டு அதே மேடையில் முடிச்சை அவிழ்த்தும் காட்டிய பகுத்தறிவு இயக்கங்களுக்கும் அறிவியல் இயக்கங்களுக்கும் உரியது.

ஆசைக்காகப் பழகுவது புதிய வழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. காமசூத்திரம் தரும் அறுபத்து நான்கு கலைகளின் பட்டியலில் இந்திரசாலமும் கைவிரைவும் தனித்தனியே இடம்பெறுகின்றன. அப்பட்டியல் தொழிலாளிக்கானதன்று, ஓய்வும் வசதியும் உள்ள நகரத்தாருக்கானது. ஆனால் வித்தையின் உயிர் இருந்த இடம் தெரு. மோடி மஸ்தான்களும் பாம்பாட்டிகளும் மகுடியும் உடுக்கையும் முழங்கக் கூட்டம் சேர்த்து, வித்தை காட்டி, தாயத்து விற்றுப் பிழைத்தார்கள். பிள்ளை தகப்பனைப் பார்த்துப் பழகும், அவ்வளவுதான். வெளியாள் கற்பதற்கு வழி இல்லை. சித்தர் பெயரால் வழங்கும் புலிப்பாணி ஜாலம் போன்ற செய்யுள் நூல்கள் இருந்தன, உண்மைதான். அவை எந்தப் பொருளை எதனோடு சேர்ப்பது என்று சொல்லும். விரல் எப்போது மடங்க வேண்டும் என்பதைச் செய்யுளால் சொல்ல முடியாது. செப்படி வித்தையில் உருண்டை கிண்ணத்துக்குள் போவதுபோலத் தோன்றும் கணத்தில் அது விரலிடுக்கிலேயே தங்கிவிடுகிறது. குமிழை இரு விரலால் பிடித்துக் கிண்ணத்தை ஒரு சுண்டு சுண்டி நிமிர்த்திக் கவிழ்க்கும்போது வேறோர் உருண்டை உள்ளே விழுகிறது. பார்ப்பவர் எண்ணும் உருண்டைகளைவிடச் செய்பவரிடம் எப்போதும் ஒன்று கூடுதல். இந்த மூன்று வாக்கியங்களைப் படித்தவரால் வித்தையை விளக்க முடியும், செய்ய முடியாது. பொழுதுபோக்காளரின் வரலாறு முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

இடைவெளியை முதலில் அச்சு கொண்டு நிரப்ப முயன்றவர்கள் ஐரோப்பியர். அவர்களுக்குத் தூண்டுதலில் ஒரு பங்கு சென்னைக் கரையிலிருந்து போனது. 1813இல் இலண்டனுக்குப் போன இந்திய வித்தைக் குழுவில் ராமோ சாமி என்று விளம்பரங்களில் அச்சான ராமசாமி இருந்தார். அவருடைய ஆட்டம் எழுப்பிய வியப்பிலிருந்து வில்லியம் ஹாஸ்லிட் 1821இல் வெளியிட்ட கட்டுரையொன்று பிறந்தது. நான்கு பந்துகளை ஒரே நேரத்தில் சுழலவிடும் அந்தக் கையின் பிசகாத நேர்த்தி தம் எழுத்துக்கு வாய்க்கவில்லை என்று அக்கட்டுரையில் அவர் ஏங்குகிறார். ராமசாமி 1850இல் இலண்டனிலேயே இறந்தபோது அடக்கச் செலவுக்கு அவர் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியிருந்தது. ராமசாமி வாழ்ந்த காலத்திலேயே சென்னையில் சேஷால் என்பவர் ஒரு தண்டின் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு நிலத்தில் படாமல் அமர்ந்திருந்ததை 1832இல் ஓர் ஆங்கில வார இதழ் வருணித்தது. தண்டுக்குள்ளும் சட்டைக் கைக்குள்ளும் மறைந்து உடலைத் தாங்கும் இரும்புக் கம்பியே அதன் சூட்சுமம். பாரிசில் ரொபேர் ஹூடன் 1847இல், ஈதர் மயக்கம் என்ற புதுக்கதையைச் சுற்றிவைத்து, இதே அடிப்படையில் தன் மகனை அந்தரத்தில் கிடத்தினார்.

1876இல் ஏஞ்சலோ லூயிஸ் என்ற இலண்டன் வழக்கறிஞர் பேராசிரியர் ஹொஃப்மன் என்னும் புனைபெயரில் ‘மொடர்ன் மேஜிக்’ நூலை வெளியிட்டார். சீட்டு, நாணயம், கிண்ணம் என்று ஒவ்வொன்றையும் படத்தோடு, விரல் விரலாக விளக்கிய நூல் அது. தொழில்முறைக் கலைஞர்கள் தம் பிழைப்பு போயிற்று என்று குமுறினார்கள். நடந்தது எதிர்மாறு, அந்த நூலைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் பின்னர் அரங்குகளை நிறைத்தது. 1905இல் இலண்டனில் மேஜிக் சேர்க்கிள் அமைந்தது. இரகசியம் காப்பதே அதன் முதல் விதி. அதன் முதல் தலைவரான டேவிட் டெவன்டே பிற்காலத்தில் தம் வித்தைகளைப் பத்திரிகையில் விளக்கியதற்காக வெளியேற்றப்பட்டார் என்றால் விதி எவ்வளவு இறுக்கமானது என்று பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஹார்லன் டார்பெல் 1920களின் பிற்பகுதியில் 60 பாடங்களைத் தபால் வழியே அனுப்பினார். பின்னர் தொகுதிகளாக வந்த அந்தப் பாடங்கள் இன்றும் உலகெங்கும் பொழுதுபோக்காளர் அலமாரியில் முதலிடம் பெறுகின்றன. இந்தியாவின் பெயரால் உலகப் புகழ் பெற்ற கயிற்று வித்தையும் ஒருவகையில் அச்சின் பிள்ளைதான்: கூட்டத்தை மயக்கிக் கயிறு ஏறியதாக 1890இல் சிக்காகோ நாளேடு ஒன்று வெளியிட்ட செய்தி, ஏடே பின்னர் ஒப்புக்கொண்டதுபோல, வெறும் கட்டுக்கதை.

இந்த நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில், ஆங்கிலேய விலையில் இருந்தன. ஹொஃப்மனின் நூல் கொழும்பிலும் சென்னையிலும் கல்லூரி படித்தவர் கைக்கு எட்டியிருக்கலாம். இலங்கை மலையகத்தின் லிந்துலைத் தோட்ட லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எட்ட வழியே இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அதுவரை பெரும்பாலான தோட்டங்களில் தமிழ் எழுத்துக்கே வாத்தியார் ஒருவர் வாய்ப்பது பெரிய காரியம். 1948இன் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் கடல் கடந்து வந்துபோவதை அனுமதிக்குக் கட்டுப்படுத்தியதும், அக்கரையிலிருந்து ஆட்டக்காரர் விரும்பியபடி மலையேறும் பாதையும் சுருங்கியது.

நூலும் இல்லாமல் குலமும் இல்லாமல் ஒருவர் கற்க முடியும் என்பதற்குக் கேரளம் ஒரு சான்று தருகிறது. வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி (1903–1983) தெரு வித்தைக்காரர் குலத்தவர் அல்லர். ஆசையால் கைவிரைவு பழகிச் செப்பும் பந்தும் ஆடுவதில் நிகரற்றவரானார், பிறர்க்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் மாணவர் ஆர். கே. மலயத்து, அவர் வழியில் கோபிநாத் முதுகாடு என்று அந்த வரிசை இன்றும் நீள்கிறது. குலத்துக்குள் அடைந்திருந்த தெரு வித்தை குரு, சீடர் என்ற உறவுக்குள் வந்ததே அங்கு நிகழ்ந்த மாற்றம். கதவு திறந்தது, ஆனால் ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடிந்தது.

கூட்டம் கூட்டமாக நுழையும் வாசலைத் திறந்தவர்களில் முன்னோடி ஆபிரகாம் கோவூர் (1898–1978). திருவல்லாவில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்து, 1959இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் ஓய்வுபெற்றவர். அவர் 1963இல் அற்புதம் செய்வோருக்கு ஒரு இலட்சம் ரூபாய்ச் சவால் விட்டார். உறையிலிட்டு மூடிய நோட்டின் இலக்கத்தைச் சொல், எரியும் தணல்மேல் அரை நிமிடம் கொப்புளமின்றி அசையாமல் நில் என்று சவாலின் நிபந்தனைகள் நீண்டன. அசையாமல் என்ற சொல்லில்தான் சூட்சுமம். தணலில் நடப்பதை அவர் கேட்கவில்லை, ஏனென்றால் நடக்க யாராலும் முடியும். கொழும்பு மருத்துவ ஆசிரியர் கார்லோ ஃபொன்சேகா 1971இல் இலங்கை மருத்துவ இதழில் தீமிதிப்பு பற்றி எழுதிய ஆய்வும் இதே பக்கம்தான் நின்றது. பாதம் தணலைத் தொடுவது மிகக் குறைந்த நேரம், கரி வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும், செருப்பின்றி நடந்து தடித்த பாதத் தோல் இன்னும் தாங்கும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வருடம் தவறாமல் தீ மிதிக்கும் மக்களுக்கு இந்த விளக்கம் எங்கோ நடக்கும் விந்தையைப் பற்றியதாக இருக்க முடியாது. கோவூரின் குறிப்பேட்டிலிருந்த நிகழ்வொன்று 1973இல் ‘மறுபிறவி’ என்ற தமிழ்த் திரைப்படமானது அவர் பெயரை இன்னும் பரப்பியது.

கோவூருக்குப் பின் சவாலைத் தொடர்ந்தவர் பசவ பிரேமானந்த் (1930–2009). கோழிக்கோட்டில் பிறந்தவர், கோவை போத்தனூரில் வாழ்ந்தவர், விருப்பத்துக்காக வித்தை பழகியவர். ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டி, செய்முறையைப் பார்வையாளர் கையிலேயே கொடுத்துவிட்டு வருவார். வெறுங்கையில் விபூதி வரவழைப்பதை எடுத்துக்கொள்வோம். திருநீற்றைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து சிறு வில்லையாக உருட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். வில்லை பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையில் ஒட்டினாற்போல நிற்கும். கையை விரித்து ஆட்டினாலும் உள்ளங்கை வெறுமையாகத் தெரியும். பிறகு கையைக் கவிழ்த்து வட்டமாகச் சுழற்றி, விரல்நுனிக்கு வில்லையை இறக்கி நசுக்கினால் நீறு கொட்டும். யாகத் தீ தானாகப் பற்றுவதற்குச் சுள்ளிக்கடியில் பொற்றாசியம் பரமங்கனேற்றும், நெய் என்ற பெயரில் கிளிசரீனும் போதும். எலுமிச்சையில் இரத்தம் வரக் கத்தியில் செம்பருத்திச் சாற்றைத் தடவிக் காயவைத்தால் போதும், புளிப்பு பட்டதும் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி சிவப்பதை அன்றாடம் காணும் வீட்டில் இது புரிய எவ்வளவு நேரமாகும்? தமிழ்நாட்டில் திராவிடர் கழகத்தாரும், 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் ‘மந்திரமா, தந்திரமா’ நிகழ்ச்சிகளாக இவற்றைத் தெருமுனைக்கும் பள்ளிக்கும் கொண்டுபோனார்கள். அதில் வித்தை காட்டியோர் பெரும்பாலும் ஆசிரியர்கள், மாணவர்கள், தொண்டர்கள். பிழைப்புக்காகச் செய்யாதவர்கள். பொழுதுபோக்காளர் என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாவிட்டால் வேறு யாருக்குப் பொருந்தும்?

பொருந்தாது என்பாரும் உண்டு. பிரசாரம் வேறு, பொழுதுபோக்கு வேறு. கொள்கைக்காகச் செய்பவர் வித்தையை நேசிப்பதில்லை என்பது அவர்கள் வாதம். நோக்கத்தைப் பார்த்தால் வாதம் சரி. கற்றல் நடந்த வழியைப் பார்த்தால் சரியாகாது. வில்லையை மறைக்கக் கண்ணாடி முன் நின்று பழகும் கைக்குக் கொள்கை உதவாது, பழக்கம்தான் உதவும். இன்னொரு வாதம் கனமானது: அவிழ்த்துச் சொல்வது தெருவில் பிழைத்த ஏழையின் வயிற்றில் அடிக்கவில்லையா? கொஞ்சம் அடித்திருக்கும். தாயத்து விற்பனை மந்திர நம்பிக்கையின் மேல்தானே நின்றது. ஆயினும் தெரு வித்தை மங்கியதற்குச் சினிமாவும், பிச்சைத் தடைச் சட்டங்களும், பாம்பு பிடிப்பதைத் தடுத்த 1972ஆம் ஆண்டு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் எந்த மேடை விளக்கத்தையும்விட வலிய காரணங்கள். இயக்க மேடைகள் குறிவைத்தது தன்னைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்டவரை. கிண்ணமும் உருண்டையும் ஆடுபவர் அப்படிச் சொன்னதில்லை.

மூன்றாவது வாதம்தான் இரகசியச் சங்கங்களின் அடித்தளம்: தெரிந்துவிட்டால் வியப்புப் போய்விடும். இதற்கு மலையகமே பதில் வைத்திருக்கிறது. நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் மாசியில் மூன்றாம் பிறைக்குக் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து தொடங்கும். ஆடுபவர் எல்லாரும் பகலில் மலையில் வேலை செய்பவர்கள். பிரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு)ப் போய் வேலை முடித்து வந்த பிறகு இரவில் கூத்து வாத்தியாரிடம் பழகுகிறார்கள். பாட்டு கொப்பியில் இருந்தாலும் அடவு அவர் காலைப் பார்த்துத்தான் வரும். ஒத்திகையைச் சுற்றி லயத்துப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு நிற்கும், யாரும் விரட்டுவதில்லை. ரதியாக வருபவர் பக்கத்து லயத்து ஆண் என்பது ஊருக்கே தெரியும், காமன் எரியப்போவதும் தெரியும். அப்படியிருந்தும் தப்புச் சத்தம் ஏறி, எரியும் இரவில் ரதி புலம்பும்போது அழாத பெண்கள் குறைவு. ஒளிக்க ஏதுமில்லாத கலையால் கூட்டத்தைக் கட்டிப்போட முடியும் என்றால், வித்தைக்கு இரகசியம் மட்டுமே உயிர் என்ற கூற்று நிற்காது. கூத்து வேறு வித்தை வேறு எனலாம். கூத்தில் ஏமாற்று இல்லை. ஆனால் வித்தையைப் பலமுறை செய்தவரும் மற்றவர் கையில் அதே வித்தையைக் காண ஆசைப்படுவது ஏன் என்று கேட்டால், கூத்துப் பார்ப்பவர் சொல்லும் விடைதான் அங்கேயும் கிடைக்கும்.

இசைக்கு வந்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. தெரு வித்தையில் உடுக்கை கூட்டம் சேர்ப்பதோடு, கை வேலை செய்யும் கணத்தில் தாளத்தை மாற்றிக் கண்ணையும் திருப்பிவிடும். போல் மொரியா வாத்தியக் குழு 1975இல் பதிவுசெய்த ‘எல் பிம்போ’ ஜப்பானில் மேஜிக் இசையாகவே ஆகிவிட்டது. அங்கே அந்த மெட்டைக் கேட்டாலே கைக்குட்டையும் புறாவும் நினைவுக்கு வரும். சுழலும் தட்டுகளுக்குக் கச்சதூரியனின் வாள் நடனம் மேலைநாடுகளில் வாடிக்கை. ‘மந்திரமா, தந்திரமா’ மேடைக்கு இப்படியொரு மெட்டு அமையவில்லை. அதன் இடத்தை எடுத்துக்கொண்டது பேச்சு. தமிழ் மேடைப் பேச்சின் ஏற்ற இறக்கம், கேள்வி கேட்டு நிறுத்தும் இடைவெளி, கூட்டம் சிரிக்கும் நொடி ஆகியவற்றுக்குள்தான் வில்லை விரல்நுனிக்கு இறங்குகிறது. விளக்கமே மறைப்பாக வேலை செய்வதில் ஒரு குறும்பு இருக்கிறது, அதை அந்த மேடைகள் வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அரிது.

இப்போது கற்பவர் பெரும்பாலும் கைப்பேசிக் காணொளியிலிருந்து கற்கிறார். ஹொஃப்மனின் படங்கள் சொல்ல முடியாத வேகத்தையும், கை நிற்கும் கணத்தையும் காணொளி காட்டிவிடுகிறது. நூலின் விலையும் ஆங்கிலமும் இனித் தடையில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. ஒளிப்படக் கருவி ஒரே இடத்தில் நிற்கும்; செப்படி வித்தைக்காரரைச் சுற்றி நான்கு பக்கமும் ஆள் நிற்பார்கள். ஒரு கோணத்துக்கு மட்டும் பழகிய கை, கோயில் முற்றத்தில் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிறுவனிடம் அகப்பட்டுவிடும். அந்தச் சிறுவனைச் சமாளிக்கத் தெரு வித்தைக்காரரின் பிள்ளை தகப்பனுக்குப் பின்னால் நின்று கற்றது. ‘மந்திரமா, தந்திரமா’ தொண்டர் அவனையே மேடைக்கு அழைத்து வில்லையைக் கையில் கொடுத்துவிடுகிறார்.