கடல்வழியும் கேமரன் மலையும்: பெருந்தொற்றுக் காலங்களில் கப்பற்போக்குவரத்தும் தேயிலைத் தொழிலாளரும்

முன்னுரை

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் அங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் கடல்வழியே உருவானவை. 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைப் பயிர்த்தொழிலில் தேர்ந்த ஏ. பி. மில்ன் என்பாருடன் இணைந்து போ தோட்டத்தைத் தோற்றுவித்தார். அங்கு உழைத்த தமிழர், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ கரையிறங்கியோர். அல்லது அவர்தம் வழிவந்தோர். பெருந்தொற்றுக் காலங்களில் இக்கடல்வழி எவ்வாறு ஆளப்பட்டது, அதன் சுமை யார்மேல் விழுந்தது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

துறைமுகமும் நோய்த்தடுப்பும்

இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாம் 1901இல் திறக்கப்பட்டது. திறந்த சில மாதங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் அங்கிருந்த பணியாளரை வீழ்த்தியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் நிலை எழுந்தபோது, மருத்துவர் மால்கம் வாட்சனின் அறிவுரையின்படி சதுப்பு நிலங்களின் நீர் வடிக்கப்பட்டது, நோய் தணிந்தது. வணிகத்திற்கு ஊறு நேர்ந்தவிடத்து அரசு விரைந்து செயற்பட்டதற்கு இது சான்றாகும். அத்தகைய விரைவைத் தோட்டத்து வரிசைவீடுகளில் வாழ்ந்தோர் காண நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

தொழிலாளர் வரவைக் காக்கவே, பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் அவர்களைத் தனிமைப்படுத்தும் முறை கையாளப்பட்டது. அம்முறை வாந்திபேதி, பெரியம்மை போன்ற நோய்களை மனத்திற்கொண்டு அமைந்தது. 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாவோ வேறு இயல்பினது. அது தொற்றிய ஓரிரு நாளில் வெளிப்படுவது. அறிகுறி தோன்றுமுன்னரே பிறர்க்குப் பரவுவது. ஆதலின் பழைய காப்புமுறை அதன்முன் பயனற்றுப் போயிற்று. அவ்வாண்டு சூன் மாதம் பம்பாய்த் துறைமுக நகரில் தலைகாட்டிய அந்நோய், இந்தியாவில் ஒரு கோடியே இருபது இலட்சத்திற்குக் குறையாத உயிர்களைக் கவர்ந்தது எனக் கணிப்பர். மலாயாவிலும் நெருக்கமான வரிசைவீடுகளில் வாழ்ந்த தோட்டத் தமிழர் பெரிதும் மடிந்தனர். எனினும் கப்பல்வழி ஆட்சேர்ப்பு தொடர்ந்தது. உழைப்பாளர் அன்று வணிகத்திற்கு வேண்டிய சரக்கெனவே கருதப்பட்டமையால், அவர்தம் வழி அடைபடவில்லை எனலாம்.

கேமரன் மலைக்கு ஆள்வந்த காலம்

இவ்வழி கேமரன் மலைக்கு நெடிது பயன்படவில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் 1930இல் உதவிபெற்ற குடியேற்றம் நிறுத்தப்பட்டது. 1934இல் மீண்டும் தொடங்கியது. 1938இல் இந்திய அரசு அதற்குத் தடைவிதித்தது. ஆகவே மலைத்தோட்டத்தார் பலர் தாழ்நில இரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஏறிவந்தோர் எனக் கருத இடமுண்டு.

2020ஆம் ஆண்டின் படிப்பினை

2020 மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. உலக வணிகச் சரக்கில் ஏறத்தாழ 80 விழுக்காடு கடல்வழியே செல்வதால், துறைமுகங்கள் இயங்க வேண்டியிருந்தது. சரக்கு இறங்கியது, அதனைக் கொணர்ந்த மாலுமி இறங்க இயலவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஏறத்தாழ நான்கு இலட்சம் கப்பற்பணியாளர், ஒப்பந்தக் காலம் முடிந்தும் கப்பலிலேயே தங்க நேர்ந்தது. அதே ஆண்டு சூன் மாதம் அந்நியத் தொழிலாளரைப் புதிதாகச் சேர்ப்பதையும் மலேசிய அரசு நிறுத்தியது.

தமிழரின் பிள்ளைகள் கல்வி பெற்று வெளியேறிய தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் பணியாற்றும் காலம் இது. தேயிலைக் கொழுந்து ஆள்வரவுக்காகக் காத்திராது. உரிய நாளில் பறிக்காவிடின் இலை முற்றித் தரங்குன்றும். கத்தரியும் இயந்திரமும் உதவினும் சரிவான நிலத்தில் மனிதக் கையின் தேவை முற்றிலும் நீங்கிவிடவில்லை. இக்காலத் தொழிலாளர் பெரும்பாலும் வானூர்தியில் வருவோரெனினும், கப்பலில் சிக்கிய மாலுமிக்கும் ஊரில் சிக்கிய தோட்டத் தொழிலாளிக்கும் நேர்ந்தது ஒன்றே.

முடிவுரை

1918இல் நோயிடையேயும் மனிதர் கொணரப்பட்டனர். 2020இல் மனிதர் தடுக்கப்பட்டுச் சரக்கு மட்டும் சென்றது. முறைகள் வேறாயினும், வணிகத்தின் ஓட்டமே இரண்டிலும் காக்கப்பட்டது. சுமை உழைப்பாளர் தோளில் விழுந்தது. கேமரன் மலைத் தமிழரின் வரலாற்றைத் தோட்டக் கணக்கேடுகளைக் கொண்டு மட்டும் எழுதுதல் போதாது. கப்பற்பதிவுகளையும் தனிமைப்படுத்தும் நிலையங்களின் பதிவுகளையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும். மலைத்தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தம் மாணவரின் பாட்டன் பாட்டியர் கூறும் கடற்பயண நினைவுகளை இப்போதே தொகுப்பாராயின், ஏடுகள் சொல்லாது விட்ட பகுதி நமக்குக் கிட்டும். அந்நினைவுகளைத் தாங்கியோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.