ஓ-பிரியோன்: ஒரு வைனின் பெயரும் அதன் வரலாற்றுப் பின்னணியும்

புகழ்பெற்ற விளைபொருள் ஒன்றின் சிறப்பினை அது விளையும் மண்ணைக் கொண்டே விளக்குவது பொது வழக்காகும். மண்ணின் பங்கினை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், மண் தானாகப் புகழடைவதில்லை. அதில் முதலிடுவோரும், உழைப்போரும், விளைவினை விலைகொடுத்து வாங்குவோரும் ஒருங்கு சேரும் வரலாற்றுச் சூழலிலேயே அதற்கொரு பெயர் வாய்க்கின்றது. பிரான்சின் தென்மேற்கே போர்தோ நகரை அடுத்து விளையும் ஓ-பிரியோன் என்னும் சிவப்பு வைனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

போர்தோவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வணிகத் தொடர்பு பழமையானது. அக்குவிட்டேன் பிரதேசத்தின் உரிமையாட்டியான எலியனோர், பின்னர் இங்கிலாந்தின் அரசனான இரண்டாம் ஹென்றியை 1152இல் மணந்தாள். அதன்வழி ஆங்கில முடியுடன் இணைந்த போர்தோ, 1453இல் பிரெஞ்சு மன்னனின் வசமாயிற்று. ஆட்சி மாறியபோதும் ஆங்கிலேயர் அந்நகரின் வைனில் கொண்ட விருப்பு மாறவில்லை. எனினும், அக்காலத்து வைன் பெரும்பாலும் தோட்டத்தின் பெயரின்றியே பீப்பாய்களில் ஏற்றப்பட்டு, நெடுநாள் வைத்துப் பேணப்படாது அருந்தப்பட்டது.

இந்நிலையை மாற்றியோருள் முதன்மையானோர் பொந்தாக் குடும்பத்தினர். வணிகத்தால் வளம்பெற்று, நீதிமன்றப் பதவிகளால் பிரபுத்துவ நிலையை எய்திய குடும்பம் அது. 1525இல் ஜோன் தெ பெலோனை மணந்த ஜான் தெ பொந்தாக், சீதனமாக ஓ-பிரியோனில் நிலம் பெற்றார். 1533இல் அங்குள்ள பண்ணையுரிமையையும் விலைக்கு வாங்கினார். பரற்கற்கள் செறிந்த அந்நிலம் தானியப் பயிருக்கு உகந்ததன்று. நீரை விரைவில் வடியவிடும் அதே தன்மை திராட்சைக்கு நன்மையாயிற்று. ஆயினும், புதிதாக நட்ட கொடி பயன்தரச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை காத்திருக்க மூலதனம் வேண்டும். அம்மூலதனம் பொந்தாக் குடும்பத்திடம் இருந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்த வணிகர் மலிவான வெள்ளை வைனையும், வடித்துப் பிராந்தியாக்குதற்குரிய வைனையுமே பெரிதும் நாடினர். போர்தோ உயர்நீதிமன்றத் தலைவராயிருந்த மூன்றாம் ஆர்னோ தெ பொந்தாக், இலண்டனின் செல்வரை நோக்கினார். 1663 ஏப்ரலில் சாமுவேல் பீப்ஸ் தமது நாட்குறிப்பில் இவ்வைனைப் பெயர்சுட்டிக் குறித்து, அதன் தனிச்சுவையை வியந்துள்ளார். 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர் இலண்டனில் பொந்தாக்கின் பெயர் தாங்கிய உணவுச்சாலையொன்று தோன்றிப் புகழ்பெற்றது. 1677இல் ஓ-பிரியோனை நேரிற் கண்ட மெய்யியலாளர் ஜோன் லொக், எதுவும் விளையாதெனத் தோன்றும் அதன் மணலையும் பரலையும் குறித்ததோடமையாது, எவ்விலையும் கொடுக்கச் சித்தமான ஆங்கிலச் செல்வராலேயே விலை உயர்ந்தது என்பதையும் பதிவுசெய்தார். மண்ணையும் சந்தையையும் ஒருங்கே கண்ட அவரது நோக்கு மனங்கொள்ளத்தக்கது.

1703ஆம் ஆண்டின் மெத்துவன் உடன்படிக்கை போர்த்துக்கல் வைனுக்குத் தீர்வைச் சலுகை வழங்கியது. மலிவான பிரெஞ்சு வைன் இங்கிலாந்தில் போட்டியிட இயலாதாயிற்று. உயர்ந்த தீர்வையைத் தாங்கவல்ல விலையுயர்ந்த வைனே நிலைத்தது. அரசியற் பகைமை, அறியாமலே உயர்தர வைனின் வளர்ச்சிக்குத் துணைநின்றது எனலாம்.

பொந்தாக் மரபுக்குப் பின்னர் தோட்டம் பியூமெல் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உரிமையாளரான ஜோசப் தெ பியூமெல் 1794இல், புரட்சியின்போது, கொலைப்பொறிக்கு இரையானார். 1801 முதல் 1804 வரை அது இராசதந்திரி தலேரானுக்கு உரியதாயிருந்தது; 1836இல் லாரியூ குடும்பத்திடம் சென்றது. 1855ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சிக்கெனப் போர்தோத் தரகர் வைன்களைத் தரப்படுத்தியபோது, லாபித், மார்கோ, லத்தூர் ஆகியவற்றோடு ஓ-பிரியோனும் முதற்படியில் வைக்கப்பட்டது. சிவப்பு வைன்களுள் மெதொக் பிரதேசத்துக்கு வெளியேயிருந்து அப்பட்டியலிற் சேர்ந்தது இதுவொன்றே. அத்தரப்படுத்தலுக்கு அடிப்படை நெடுங்காலச் சந்தை விலையே. இவ்வாறு விலை தகுதியாயிற்று. தகுதி மீண்டும் விலையை உயர்த்திற்று.

1935இல் அமெரிக்க வங்கியாளர் கிளாரன்ஸ் டிலன் தோட்டத்தை வாங்கினார்; இன்றும் அவர் வழியினரே அதன் உரிமையாளர். குடும்பங்கள் மாறின, பெயர் நிலைத்தது. குடும்பமே பெயரை ஆக்கியது என்னும் கருத்து ஓரளவே உண்மையென்பது இதனாற் புலனாகும். தலைமுறை தலைமுறையாகப் பரல்நிலத்திற் கொடி நட்டு, கவாத்துச் செய்து, குலை கொய்தோரின் உழைப்பின்றி இவ்வைன் இல்லை. உரிமையாளர் பெயர்களை வரிசைப்படுத்தும் வரலாறு அவர்கள் பெயர்களைச் சொல்வதில்லை. விளைபொருளொன்றின் முழுமையான வரலாற்றை எழுத முற்படுவோர் நிரப்பவேண்டிய முதல் இடைவெளி அதுவேயாகும்.