பாரசீக வெள்ளியில் விழுந்த முத்திரை

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகாமனீசியப் பேரரசர் முதலாம் டேரியஸ் வெளியிட்ட வெள்ளிக்காசு சிக்ளோஸ். எடை ஏறத்தாழ ஐந்தரை கிராம்; வடிவம் அவரைக்கொட்டை. இருபது சிக்ளோஸ் ஒரு தங்க டேரிக்குக்கு ஈடு. முன்புறம் மகுடம் சூடி வில்லேந்திய அரசர். பின்புறம் நீள்குழி ஒன்றே. ஓசூர் டூல் ரூம்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தக் குழி விளங்கும். கீழே டை, மேலே பஞ்ச், நடுவே வெள்ளித்துண்டு. ஓங்கிய அடியில் டையின் உருவம் ஒருபக்கம் ஏற, பஞ்சின் தழும்பு மறுபக்கம் பதிந்தது.

இக்காசுகள் பலவற்றில், புழக்கத்தில் இருந்தபோது அடித்த குறுமுத்திரைகளும் உண்டு. அடித்தவர் யார்? 1895இல் நாணயவியலாளர் ராப்சன், நம் வெள்ளி முத்திரைக் காசுகளின் சின்னங்களோடும் பிராமி, கரோஷ்டி எழுத்துகளோடும் அவற்றை ஒப்பிட்டு, இந்தியாவில் அடித்தவை என்று வாதிட்டார். காந்தாரமும் சிந்துவெளியும் பாரசீக ஆட்சியில் இருந்தவை என்பதால் வாதம் பொருந்தியது.

கிடைத்த இடங்கள் அதைச் சாய்த்தன. சிக்ளோஸ் புதையல்களில் பெரும்பாலானவை இன்றைய துருக்கிப் பகுதியில் கிடைத்தன. அக்காசுகளிலும் அதே குறுமுத்திரைகள். 1933இல் காபூலின் சமன் ஹுசூரியில் வெளிப்பட்ட புதையலில் கிரேக்கக் காசுகளும் இந்திய வளைவெள்ளிப் பட்டைகளும் இருந்தன, சிக்ளோஸ் சிலவே. கிழக்கு மாகாணங்களில் வெள்ளி எடைக்கே மதிப்புப் பெற்றது. ஆயிரம் காசுகள் அளவில் இருந்த அப்புதையலில் அருங்காட்சியகம் சேர்ந்தவை நூற்றுச் சொச்சமே. மற்றவை கைமாறிப் போயின. அவற்றோடு சான்றும் போயிற்று.

ஆக, சின்னம் பாதிதான் பேசும். மீதியைக் கிடைத்த இடம் பேச வேண்டும். போடிநாயக்கனூர்ப் புதையலின் முத்திரைக் காசுகளைப் பாண்டியரோடு இணைப்பது பின்புற மீன் சின்னம் மட்டுமன்று, அவை பாண்டிநாட்டு மண்ணில் கிடைத்ததும்தான். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை சென்றதும், அகழ்வில் மண்ணடுக்கு அறிந்து மாதிரி எடுத்ததால்தான்.

ஓசூர், சூளகிரி, பர்கூர் வட்டாரங்களில் ஆலைக்கும் மனைப்பிரிவுக்கும் நாள்தோறும் நிலம் தோண்டுகிறார்கள். ஜே.சி.பி. வாளியில் காசுப்பானை சிக்கினால், புளிபோட்டுத் துலக்காமல், பங்கு பிரிக்காமல், பானையோடும் ஒட்டிய மண்ணோடும் வைத்துத் தகவல் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். கிடைத்த இடம் தெரியாத காசுக்கு நகைக்கடைத் தராசு சொல்லும் விலைதான் மிஞ்சும்.