பனிப்பலகைக்கு மெழுகு பூசிய கதை

ஆலங்குளத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் மேல் நிற்கும் ஈரம் தான். அப்படிப்பட்ட ஊர்க்காரன் பனிச்சறுக்குப் பலகையை (ஸ்னோபோர்டு) வீட்டில் பராமரித்த வரலாற்றை எழுதினால் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். இதில் வரும் மெழுகு நமக்கு அந்நியமானது அல்ல. பக்கத்துச் சிவகாசியில் தீக்குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன் தோய்த்து எடுக்கிறார்களே, அதே பாரஃபின் மெழுகு தான்.

1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாக இணைத்தார். அவர் மனைவி வைத்த பெயர் 'ஸ்னர்ஃபர்'. பின்னர் கடைக்கு வந்த ஸ்னர்ஃபர் ஒரு மரப்பலகை, முனையில் ஒரு கயிறு, அவ்வளவு தான். துடைத்துக் காயவைத்தால் வேலை முடிந்தது.

1977ல் ஜேக் பர்ட்டன் வெர்மான்ட்டில் பலகை செய்யத் தொடங்கினார். 80களில் அடியில் பாலிஎதிலீன் தகடும் ஓரத்தில் எஃகு விளிம்பும் பரவின. வேகம் கூடியது, வீட்டு வேலையும் கூடியது! ஈரத்தோடு விட்டால் விளிம்பு துருப்பிடிக்கும். மழுங்கினால் அரம் போட வேண்டும். அடிப்பகுதி வெளுத்தால் மெழுகு. கட்டியை இஸ்திரிப் பெட்டியில் வைத்து உருக்கிச் சொட்டவிட்டு, சூட்டோடு பரப்பி, ஆறியதும் சுரண்டி எடுக்க வேண்டும். நுண்துளைகளுக்குள் இறங்கிய மெழுகு தான் வழுக்கும், மேலே நிற்பது இழுக்கும். கோடைக்கு எடுத்து வைக்கும்போது மட்டும் சுரண்டாமல் விடுவார்கள். (அதே பெட்டியில் சட்டை தேய்த்தவர்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.)

மெழுகுப் பைத்தியம் பலகையை விடப் பழையது. 1860களில் கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் நீளமான பனிக்கட்டைகளில் பந்தயம் விட்டார்கள். திமிங்கிலக் கொழுப்பும் பைன் பிசினும் கலந்து காய்ச்சிய கலவையின் செய்முறையை வெளியே சொல்லமாட்டார்கள்.

1980களின் பிற்பகுதியில் ஃப்ளோரின் சேர்த்த மெழுகு வந்தது. தண்ணீரை ஒட்டவே விடாது, வேகமோ வேகம். ஆனால் உருக்கும்போது எழும் புகை நுரையீரலுக்குள் போகும், உள்ளே போனது எளிதில் வெளியேறாது. 2010 வாக்கில் ஸ்வீடன், நார்வே ஆய்வாளர்கள் போட்டி அணிகளுக்கு மெழுகு பூசுபவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது அந்த வேதிப்பொருட்கள் பொதுமக்களை விடப் பல மடங்கு இருந்தன. பதக்கம் வாங்கியவர் ஒருவர், புகையைச் சுவாசித்தவர் இன்னொருவர்.

இதைப் படித்தபோது தீப்பெட்டி தான் நினைவுக்கு வந்தது. 19ம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி செய்த ஐரோப்பியத் தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1906ல் பெர்ன் நகரில் தடை ஒப்பந்தம், 1913ல் இந்தியாவில் தடைச் சட்டம். சிவகாசித் தொழில் தொடங்கியது 1920களில், நல்லவேளை!

ஃப்ளோரின் மெழுகுக்குச் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2019ல் தடையை அறிவித்தது. நடைமுறைக்கு வந்தது 2023-24 பருவத்தில் தான். இப்போது பந்தயத்தில் கருவி வைத்துச் சோதிக்கிறார்கள். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய டப்பாவை எந்த நடுவரும் வந்து பார்க்கப் போவதில்லை. 2020ல் முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் ஸ்னோபோர்டும் இடம்பெற்ற குல்மார்க் பக்கம் போய், யாரிடமாவது பலகையோடு மெழுகையும் பழசாக வாங்கினால், டப்பாவில் 'ஃப்ளோரோ' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை உருக்காதீர்கள்.