கண்ணாவும் கழுதைமுள்ளியும்

மட்டக்களப்பு வாவியின் சேற்றங்கரையிலே கண்ணா மரமும் கழுதைமுள்ளிச் செடியும் அருகருகே வளர்கின்றன. ஒன்று மூச்சுவேர்களைச் சேற்றினின்றும் ஈட்டிமுனை போல நிமிர்த்தி நிற்கும் மரம். மற்றது முள்விளிம்பு இலையும் நீல மலரும் உடைய புதர். இவ்விரண்டுக்கும் உறவுண்டோ என்னும் வினாவுக்கு அறிஞர் கூறிய விடை பலமுறை மாறியுள்ளது.

தாவரங்களை வகுத்தல் தமிழருக்குப் புதியதன்று. வயிரம் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்து மரபியல் பிரிக்கின்றது. அதன்படி தெங்கும் பனையும் நெல்லோடு சேர்ந்து புல்லாகும். கேட்போர்க்கு வியப்பாகத் தோன்றினும், இன்றைய தாவரவியலும் இம்மூன்றையும் ஒருவித்திலைத் தாவரங்களாகவே கொள்கின்றது. நீரை மேலேற்றும் கலன்கட்டுகள் தென்னந்தண்டின் நடுவே சிதறியும் புறத்தே நெருங்கியும் கிடக்கின்றன. ஆதலின் புறம் வலிது. வேம்பிலும் பூவரசிலுமோ மாறிழையம் உட்புறமாகப் புதிய மரத்தை அடுக்கிக்கொண்டே போக, நடுப்பகுதி முதிர்ந்து வயிரமாகின்றது. நீர் கடத்தும் இழையத்துக்குக் 'காழ்' என்னும் அப்பழஞ்சொல்லையே இலங்கைப் பாடநூல்கள் வழங்குகின்றன. எனினும், தொல்காப்பியர் இக்காலத் தாவரவியலை முற்றக் கண்டார் என மேடைகளில் முழங்குவது மிகை. கோடரி காட்டிய உண்மையை அந்நூல் சொல்லிற்று. அதுவே போதிய பெருமை.

மேலைநாட்டு வகைப்பாட்டிலும் இத்தீவுக்கு இடமுண்டு. 1670களில் ஒல்லாந்தக் கும்பனியின் மருத்துவராக இங்கிருந்த பவுல் ஹேர்மன் செடிகளை உலர்த்திச் சேர்த்தார். அவர் இறந்த பின்னர் அத்தொகுதி கைமாறிச் சுவீடனிலிருந்த லின்னேயசைச் சேர்ந்தது. இலங்கை மண்ணை மிதித்தேயிராத லின்னேயஸ், அவ்வுலர்ந்த இலைகளைக் கொண்டே 1747இல் 'புளோரா சைலானிக்கா' என்னும் நூலை வெளியிட்டார்.

அவருடைய முறை பெரும்பாலும் பூவின் கேசரங்களை எண்ணுவது, வகுப்புகள் 24. பூவாத பன்னங்கள் யாவும் கடைசி வகுப்பிலே தள்ளப்பட்டன. 1753இல் கண்ணாவின் இனத்துக்கு மருத்துவ மேதை இப்னு சீனாவின் நினைவாக 'அவிசெனியா' எனப் பெயரிட்டு, அதனை நான்காம் வகுப்பில் வைத்தார். முள்ளிக்கும் கேசரம் நான்கே. ஆயின் இரண்டு நெடியன, இரண்டு குறியன என்று அதனைப் பதினான்காம் வகுப்பில் சேர்த்தார். கணக்கு எளிது, உறவுதான் புலப்படவில்லை.

பெந்தாமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட பெருநூலிலே, பல உறுப்புகளையும் ஒப்பிட்டுக் குடும்பங்களை வகுத்தனர். கண்ணா அப்போது தேக்கு, நொச்சி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னர்ச் சிலர் அதற்குத் தனிக் குடும்பமே அமைத்தனர். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்ற மரபணு ஆய்வு இவற்றையெல்லாம் புரட்டிவிட்டது. தேக்கும் நொச்சியும் துளசியின் குடும்பத்துக்குச் சென்றன; கண்ணா, ஆடாதோடையும் அடங்கிய முள்ளிக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

வாவியோரத்துக் கண்டலோ வேறொரு குடும்பம். தில்லை மரம் ஆமணக்கின் குடும்பம். 'கண்டற்காடு' என்னும் ஒரே பெயரின் கீழ் நிற்பினும், இவை வேண்டும் நீரளவும் உப்பளவும் வேறு. 2004ஆம் ஆண்டுச் சுனாமியின் பின்னர் இலங்கைக் கரைகளில் பெரும்பாலும் கண்டல் நாற்றுகளே நடப்பட்டன. இடமறியாது நட்ட பல கரைகளில் அவை பட்டுப்போயின.