வீட்டு மூலையும் ஒட்டுப்பலகையும்: கூம்பு ஒலிபெருக்கிப் பெட்டிகளின் இல்ல வரலாறு (1919–1977)

ஆய்வுச்சுருக்கம்

1925-இல் நேரடி ஒலிபெருக்கி அறிமுகமானதும் கூம்பு ஒலிபெருக்கி வீட்டைவிட்டு அகன்றது என்பது ஒலித் தொழில்நுட்ப வரலாற்றில் பரவலாகக் காணப்படும் கருத்து. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆர்வலர்கள் தம் கையால் செய்துகொண்ட கூம்புப் பெட்டிகளை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது. கூம்பைப் பயன்படுத்துவதற்கான முதற்காரணம் மறைந்த பின்னரும், அச்சில் வெளிவந்த கோட்பாடும் வீட்டுத் தச்சுவேலையும் அதை நிலைபெறச் செய்தன என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: கூம்பு ஒலிபெருக்கி, மூலைக் கூம்பு, பால் கிளிப்ஷ், பால் வோய்க்ட், ஜாக் டின்ஸ்டேல், வீட்டுத் தயாரிப்பு

முன்னுரை

கூம்பு ஒலிபெருக்கி என்றதும் தமிழகத்தில் திருவிழாப் பந்தலில் கட்டப்படும் உலோகக் குழலே நினைவுக்கு வரும். அதே இயற்பியல் விதியை மரப்பெட்டிக்குள் மடித்து வைத்து, வீட்டில் இசை கேட்பதற்கென உருவாக்கிய கருவி வேறொன்று உண்டு. திரையரங்குகளிலும் பொதுவெளிகளிலும் கூம்பு எக்காலத்தும் நீங்கவில்லை. எனவே அவை இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்கா. வீட்டிற்குள் அது எவ்வாறு நிலைத்தது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

கோட்பாடும் அதன் இடர்ப்பாடும்

அதிரும் தாள் காற்றைத் தள்ளும்போது அதன் ஆற்றலில் பெரும்பகுதி வீணாகிறது. பெட்டியில் பொருத்திய சாதாரண ஒலிபெருக்கி, தான் பெறும் மின்னாற்றலில் ஓரிரு விழுக்காட்டையே ஒலியாக மாற்றும். தொண்டையில் குறுகி வாயில் விரியும் கூம்பு, தாளுக்கும் அறைக்காற்றுக்கும் இடையே படிப்படியான இணைப்பை ஏற்படுத்துவதால் இவ்விழுக்காடு பன்மடங்கு உயர்கிறது. ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1919-இல் வெளியிட்ட கட்டுரை கூம்புகளுக்குரிய கணிதச் சமன்பாட்டை அளித்தது. 1924-இல் ஹன்னா, ஸ்லெப்பியன் ஆகியோர் சம நீளத்திற்குச் சம மடங்காக விரியும் எக்ஸ்பொனென்ஷியல் வடிவத்தின் பயனை விளக்கினர்.

இடர்ப்பாடு அளவில் இருந்தது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர். வெட்டவெளியில் அவ்வொலியைச் செம்மையாக வெளியிடக் கூம்பு வாயின் சுற்றளவும் ஏறத்தாழ அவ்வளவு இருத்தல் வேண்டும். அதாவது வாயின் விட்டம் 2.7 மீட்டர். அத்தகைய பொருளை எந்தக் குடும்பமும் கூடத்தில் வைத்துக்கொள்ள இயலாது. இந்நிலையில் 1925-இல் ரைஸ், கெல்லாக் ஆகிய இருவரும் கூம்பின்றியே இயங்கும் ஒலிபெருக்கியை அறிவித்தனர். வால்வு மிகைப்பியின் துணையுடன் அது வானொலிப் பெட்டிக்குள் அடங்கியது. தொழில்துறை அதனையே பின்பற்றியது.

மூலை என்னும் தீர்வு

அளவுச் சிக்கலுக்குரிய தீர்வு வீட்டின் அமைப்பிலேயே கிடைத்தது. தரை வெளியைப் பாதியாக்குகிறது. ஒரு சுவர் அதனை மீண்டும் பாதியாக்குகிறது. மற்றொரு சுவர் எட்டில் ஒரு பங்காக்குகிறது. வெட்டவெளியில் ஏறத்தாழ 5.9 சதுர மீட்டர் வாய்ப்பரப்பு வேண்டிய கூம்புக்கு மூலையில் 0.73 சதுர மீட்டர் போதும். இங்குச் சுவர்கள் ஒலிபெருக்கியைச் சூழ்ந்திருப்பவை அல்ல. கூம்பின் இறுதிப் பகுதியாகவே இயங்குபவை.

இங்கிலாந்தில் பால் வோய்க்ட் 1920களில் டிராக்ட்ரிக்ஸ் என்னும் வளைவைக் கூம்புக்குப் பயன்படுத்தினார். 1930களில் வீட்டு மூலைக்கென ஒரு கூம்பை வடிவமைத்தார். அதில் கூம்பின் வாய் மேல்நோக்கி அமைந்தது. ஒலி ஒரு தகட்டில் பட்டு அறைக்குள் திரும்பியது. அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் தாழொலிக் கூம்பையே மடித்து மூலைக்குள் பொருத்தினார். அவர் 1941-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் சிறிய அளவிலான தாழொலிக் கூம்பு குறித்து எழுதிய கட்டுரை இவ்வரலாற்றில் அடிப்படை ஆவணமாகும். 1940-இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1943-இல் வழங்கப்பட்டது. போர்க்காலத்தில் ராணுவப் பணியின் பொருட்டு ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் நகருக்கு வந்த அவர், 1946-இல் அங்கேயே தம் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இவ்விரு வெளியீடுகளும் இரு வேறு நோக்கமுடையவை. காப்புரிமை உரிமையை வரையறுத்தது. ஆய்வுக்கட்டுரை செய்முறைக்கான அறிவைப் பொதுவாக்கியது. எலெக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனம் கிளிப்ஷின் உரிமத்தைப் பெற்று மூலைக் கூம்புகளைத் தயாரித்ததோடு, 1950களின் நடுவில் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளத்தக்க, முன்கூட்டி வெட்டிய பலகைத் தொகுதிகளையும் விற்றது. செய்து முடித்த பொருளை மட்டுமின்றிச் செய்யும் வேலையையும் வாங்க விரும்பியோர் இருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

தச்சுவேலையின் பங்கு

கணிதம் தரும் வளைவை மரத்தில் அப்படியே கொணர்தல் அரிது. 40 ஹெர்ட்ஸுக்கு வகுத்த எக்ஸ்பொனென்ஷியல் கூம்பின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 47 செ.மீ.க்கு ஒருமுறை இரட்டிக்க வேண்டும். 0.05 சதுர மீட்டர் தொண்டையில் தொடங்கி மூலைக்குப் போதுமான வாயை எட்ட 1.8 மீட்டர் நீளம் தேவை. செய்பவர் இவ்வளைவைச் சில நேர்த்துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் பரப்பைக் கணக்கிட்டு, தட்டையான ஒட்டுப்பலகைகளைச் சாய்வாக அமைத்துக் கூம்பை மடித்தார். இணைப்புகளில் பசையிட்டுத் திருகாணி முடுக்கினார். தாளின் பின்னறையில் காற்றுக் கசிவு இருப்பின் தாழொலி நலியும். பலகை மெல்லியதாயின் அதுவே அதிர்ந்து ஒலிக்கும். கூம்பின் பாதை சுவரில் முடிவதால், பெட்டிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட விளிம்பையும் அடைத்தாக வேண்டும். சுவர் கோணலாயின் பெட்டியைச் சுவருக்கேற்பத் திருத்த வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெட்டியும் பொதுக்கோட்பாட்டை ஒரு குறிப்பிட்ட வீட்டில் சோதித்துப் பார்த்த நிகழ்வாக அமைந்தது.

மாறிய காரணங்கள்

1950களிலும் 1960களிலும் இப்பெட்டிகளுக்கு எதிராக மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. 1954-இல் எட்கர் வில்சர் அறிமுகப்படுத்திய அடைத்த சிறுபெட்டி, செயல்திறனை விட்டுக்கொடுத்து ஆழ்ந்த தாழொலியைத் தந்தது. 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்ததும், கதவோ சன்னலோ குறுக்கிடாத இரு மூலைகள் ஒரே சுவரில் தேவைப்பட்டன. டிரான்சிஸ்டர் மிகைப்பிகள் ஆற்றலை எளிதாக்கின. சிக்கனமே கூம்பின் ஒரே நியாயமாக இருந்திருப்பின் அது அப்போதே மறைந்திருக்க வேண்டும்.

மாறாக, நியாயம் இடம்பெயர்ந்தது. கூம்பில் தாள் மிகச் சிறிதளவே அசைவதால் ஒலித்திரிபு குறைகிறது என்பதைக் கிளிப்ஷ் 1969-இல் வெளியிட்ட பண்பேற்றத் திரிபு பற்றிய கட்டுரையில் வலியுறுத்தினார். இதனினும் கருதத்தக்கது டின்ஸ்டேலின் பணி. 1961-இல் டோபியுடன் இணைந்து ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் டிரான்சிஸ்டர் மிகைப்பி ஒன்றின் வடிவமைப்பை வெளியிட்டவர் ஜாக் டின்ஸ்டேல். அதே இதழில் 1974-இல் மூன்று பகுதிகளாகக் கூம்பு ஒலிபெருக்கி வடிவமைப்பை எழுதியவரும் அவரே. வோய்க்ட், கிளிப்ஷ் ஆகியோரின் கருத்துகளைத் திரட்டி, வீட்டில் செய்வோர் தாமே கணக்கிடத்தக்க முறையாக அதனை அவர் வழங்கினார். ஆற்றல் பற்றாக்குறையைத் தீர்க்க உதவிய ஒருவரே கூம்பை மீண்டும் பரிந்துரைத்தமை, அதன் பயன் ஆற்றலோடு முடியவில்லை என்பதைத் தெளிவுபடுத்துகிறது. 1977-இல் டான் கீல், சாதாரண ஒலிபெருக்கி அலகுகளுக்குரிய தீல்–ஸ்மால் அளவுகளிலிருந்தே தாழொலிக் கூம்பை வடிவமைக்கும் முறையை முன்வைத்தார். இதனால், எளிதில் கிடைக்கும் ஓர் அலகு எந்தக் கூம்புக்குப் பொருந்தும் என்பதைப் பலகையை வெட்டுமுன்னரே கணிக்க முடிந்தது.

முடிவுரை

புதியது வந்ததும் பழையது ஒழிந்தது என்னும் வரலாற்றுமுறை, சந்தையை மட்டுமே அளவுகோலாகக் கொள்கிறது. சந்தையின் கணக்கில் 1925-க்குப் பிந்தைய வீட்டுக் கூம்பு ஒரு சிறுபான்மைப் பொருள். செய்முறையின் கணக்கில் அது அறுபட்டதில்லை: சிக்கனத்திற்காகத் தொடங்கி, மூலையால் வீட்டிற்குள் அடங்கி, திரிபின்மைக்காகத் தொடர்ந்து, கணக்கீட்டு முறையால் பரவலாயிற்று. இத்தொடர்ச்சிக்கு இரண்டு துணைகள் இன்றியமையாதவை. ஒன்று, எவரும் படித்துப் பயன்படுத்தத்தக்க வகையில் இதழ்களில் வெளிவந்த கோட்பாடு. மற்றொன்று, அதனைத் தம் வீட்டுச் சுவருக்கேற்பத் திருத்திக்கொண்ட கைத்திறன். முன்னதற்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் உள்ளன. பின்னதைச் செய்தோர் பெரும்பாலும் பெயரின்றியே மறைந்தனர். எனவே தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் காப்புரிமைப் பதிவேடுகளோடும் நிறுவன வரலாறுகளோடும் நின்றுவிடாமல், எஞ்சியுள்ள பெட்டிகளின் பலகையையும் இணைப்பையும் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும்.